சன்ரூஃப் ஒழுகினால் சிலிக்கானைத் தேடாதீர்கள், குழாயைத் தேடுங்கள்

காரின் கூரையிலிருந்து நீர் சொட்டியதும் பலரும் செய்வது, ஒரு சிலிக்கான் டியூபை வாங்கிவந்து கண்ணாடியைச் சுற்றிப் பூசிவிடுவது. இரண்டொரு மழை தாங்கும், பிறகு பழையபடி ஒழுகும். அதற்குள் கண்ணாடி கூரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பொத்தானை அழுத்தினால் மோட்டார் முக்கும், கண்ணாடி நகராது. காய்ந்த சிலிக்கானைப் பெயின்டில் கீறல் விழாமல் சுரண்டி எடுப்பது, ஒழுகலைச் சரிசெய்வதைவிடப் பெரிய வேலை.

இந்தத் தவறுக்கு அடிப்படை ஒரு தப்பான எண்ணம். திறந்து மூடும் சன்ரூஃபின் ரப்பர் நீரை முழுமையாகத் தடுக்கிறது என்று நினைக்கிறோம். அது அப்படி வடிவமைக்கப்படவே இல்லை. பெரும்பகுதி நீரை அது வெளியே தள்ளும், கொஞ்சம் உள்ளே வரத்தான் செய்யும். வருவதைப் பிடிக்கக் கண்ணாடிக்கு அடியில் சுற்றிலும் வாய்க்கால் போன்ற ஒரு தட்டு இருக்கிறது. தட்டின் மூலைகளில் துளைகள், துளைகளில் செருகிய குழாய்கள். மொட்டை மாடிக்கு வாட்டம் கொடுத்து மூலையில் மழைநீர்க் குழாய் வைப்பது போன்ற ஏற்பாடுதான். அந்தக் குழாய் அடைத்தால் மாடியில் நீர் நின்று சுவருக்குள் இறங்கும். காரில் தட்டு நிரம்பி, கூரையின் உள்துணிக்குள் இறங்கும்.

பெரும்பாலான கார்களில் இந்தக் குழாய்கள் நான்கு. முன்பக்கத்து இரண்டும் விண்ட்ஷீல்டை ஒட்டிய தூண்களுக்குள் இறங்கி, முன்கதவுக் கீல்களுக்கு அருகிலோ முன்சக்கர வளைவின் உள்ளுறைக்குப் பின்னாலோ வெளியே வரும். பின்பக்கத்து இரண்டும் பின் தூண்களுக்குள் இறங்கி, பின்சக்கர வளைவிலோ பம்பருக்குப் பின்னாலோ முடியும். குழாயின் உள்விட்டம் பெரும்பாலும் ஒரு சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது. காய்ந்த இலைத் துணுக்கு, மகரந்தம், தூசி, பழைய கிரீஸ் எல்லாம் சேர்ந்து களிம்பாகிவிட்டால் அடைத்துக்கொள்ள அவ்வளவு போதும். மரத்தடியில் நிற்கும் காருக்கு இது சீக்கிரமே நடக்கும்.

எங்கே நனைகிறது என்பதே பாதி விடை

கையில் கருவி எடுக்கும் முன் காருக்குள் தடவிப் பாருங்கள். முன்பக்கக் கால்தளம் நனைந்திருந்தாலோ, விண்ட்ஷீல்டு தூணின் மேல்முனையில் துணி ஈரமாக இருந்தாலோ, அந்தப் பக்கத்து முன் குழாய்மேல் சந்தேகம். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் நீர் தேங்கினால் பின் குழாய். கூரை விளக்கிலிருந்து சொட்டினால் தட்டு நிரம்பி உள்விளிம்பைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

இன்னொரு அறிகுறி கிட்டத்தட்ட தப்பாது. மழை நின்று வெகுநேரம் கழித்து, பிரேக் அடிக்கும்போதோ வளைவில் திரும்பும்போதோ மேலிருந்து ஒரு மடக்கு நீர் கொட்டினால், தட்டில் நீர் தேங்கி நிற்கிறது. ரப்பர் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் இது குழாய் அடைப்புதான்.

ஆனால் கால்தளம் நனைந்ததற்கெல்லாம் சன்ரூஃபைக் குற்றம் சொல்லக்கூடாது. மழையே இல்லாத நாளில் ஏசி ஓடும்போது நனைந்தால், அது ஏசியின் வடிகுழாய் அடைப்பு. நீர் பிசுபிசுப்பாக, இனிப்பு வாசனையோடு, நிறமாக இருந்தால் ஹீட்டரிலிருந்து கூலன்ட் கசிகிறது. வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தில் இலை அடைத்தாலும் கேபினுக்கு வரும் காற்றுவழியில் நீர் புகும். கதவின் உள்பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் பிரிந்தால், கண்ணாடி இடுக்கில் இறங்கும் மழைநீர் வாசல் விளிம்பைத் தாண்டி உள்ளே வரும். அப்போது மேல்துணி காய்ந்தும் கதவின் கீழ்ப்பகுதி ஈரமாகவும் இருக்கும். ஆன்டெனா அடிப்பாகமும் கூரைமேல் சாமான் வைக்கும் கம்பிகளின் திருகுகளும்கூட ஒழுகும் இடங்களே.

ஒரு டம்ளர் நீர் சோதனை

காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். சன்ரூஃபை முழுக்கத் திறந்து, டார்ச் அடித்து முன் மூலைகளைப் பாருங்கள். தட்டில் துளை தெரியும். குப்பை மூடியிருந்தால் முதலில் அதை வேக்யூம் கிளீனரால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். குப்பை இருக்கும்போதே நீர் ஊற்றினால் நீங்களே அதைக் குழாய்க்குள் தள்ளியதாகும்.

பிறகு 100 முதல் 150 மில்லி நீரை, மூக்குள்ள பாட்டிலிலோ ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சிலோ எடுத்து, ஒரு துளைக்கு அருகில் மட்டும் மெதுவாக விடுங்கள். இன்னொருவர் அந்தப் பக்கத்துச் சக்கர வளைவையும் கதவுக் கீலையும் பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஆரோக்கியமான குழாயில் சில நொடிகளில் கீழே நீர் வரும், தாரையாக வரும். சொட்டுச் சொட்டாக வந்தால் பாதி அடைப்பு. துளைமேல் குளம் கட்டி நின்றால் முழு அடைப்பு. நான்காவது நிலைதான் வில்லங்கமானது: மேலே நீர் சுகமாக இறங்குகிறது, வெளியே எதுவும் வரவில்லை. குழாய் எங்கோ கழன்றிருக்கிறது, அல்லது உடைந்திருக்கிறது. அத்தனை நீரும் காருக்குள்தான் போகிறது. உடனே நிறுத்திவிடுங்கள்.

நான்கையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஒன்றில் அடைப்பு கிடைத்ததும் மற்றவற்றை விட்டுவிடுவது பொதுவான தவறு. ஒரே தூசியில், ஒரே வயதில் உள்ள மற்ற மூன்றும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கும். பின் துளைகள் பல கார்களில் கண்ணாடி பின்னால் போய் நிற்கும் இடத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும். அவற்றை நேரில் பார்க்க முடியாது. காரின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி சாய்வில் நிறுத்தி, பக்கவாட்டு வாய்க்காலில் நீர் விட்டால் அது பின்னால் ஓடி, பின் குழாயைத் தேடிப் போகும்.

நீரில் சாயம் கலந்து பார்க்கச் சிலர் சொல்வார்கள். கூரைத் துணியில் பட்டால் அந்தக் கறை காரோடு கடைசிவரை வரும். வேண்டாம்.

அடைப்பை எடுப்பது

இதற்குச் சிறந்த கருவி, புல் வெட்டும் இயந்திரத்தில் போடும் நைலான் நரம்பு. 2 முதல் 2.4 மில்லிமீட்டர் தடிமன், உருண்டை வடிவம், 3 மீட்டர் நீளம் போதும். சதுரமாகவோ நட்சத்திர வடிவிலோ வரும் நரம்பு வேண்டாம், அதன் விளிம்பு குழாயைக் கீறும். முனையை ஒரு நொடி தீயில் காட்டி உருக்கி, சிறு குமிழாக்கி ஆறவிடுங்கள். கூர்முனையோடு விட்டால் குழாயின் வளைவில் குத்தும்.

நரம்பை மேலிருந்து செலுத்தி, விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டே தள்ளுங்கள். வளைவுகளில் சற்றுத் தயங்கும். பின்னுக்கு இழுத்து மறுபடி உருட்டினால் வழி கிடைக்கும். அழுத்தித் தள்ளுவது மட்டும் கூடாது. கீழ்முனையில் குழாய் ஒரு ரப்பர் மூடியில் செருகியிருக்கும். முரட்டுத்தனமாகத் தள்ளினால் அந்த இணைப்பு கழன்றுவிடும், அடைப்பு வேலை ஒழுகல் வேலையாக மாறிவிடும். இதே காரணத்தால் துணி மாட்டும் இரும்புக் கம்பியை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

பட்டறை கம்ப்ரசரின் காற்றும் அப்படித்தான். அதில் 6 முதல் 8 பார் (காற்றழுத்த அலகு) வரை அழுத்தம் இருக்கும். அடைப்புள்ள குழாய்க்குள் அதைத் திறந்தால், அடைப்பு நகரும் முன்பே குழாயின் மேல்முனை, தட்டின் துளைக்கு அடியில் நீட்டியிருக்கும் காம்பிலிருந்து பிய்த்துக்கொள்ளும். அது கூரைத் துணிக்குப் பின்னால் நடப்பதால் உங்களுக்குத் தெரியாது. அடுத்த மழையில்தான் தெரியும். காற்று அடித்தே ஆகவேண்டுமானால் 1 பாருக்கு மேல் போகாதீர்கள். சைக்கிள் கைப்பம்பு தாராளம். அதைவிட நல்லது, நீர் உறிஞ்சும் வேக்யூமின் குழலைக் கீழ்முனையில் ஒரு துணியால் சுற்றிப் பிடித்து, மேலே ஒரு மடக்கு நீர் ஊற்றிவிட்டு உறிஞ்சுவது. குப்பை வெளியேறும் திசையிலேயே இழுக்கப்படும், குழாய்க்கும் அழுத்தம் இல்லை.

வழி திறந்ததும், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, ஒவ்வொரு குழாயிலும் கால் லிட்டர் விடுங்கள். பிறகு வெறும் நீர். கழிவுநீர்க் குழாய்க்கு ஊற்றும் ரசாயனம் எதையும் இங்கே கொண்டுவராதீர்கள். ரப்பரையும், வெளியே ஓடும் வழியில் பெயின்டையும் அது தின்றுவிடும்.

கீழ்முனையை மறக்காதீர்கள். பல கார்களில் அங்கே வாத்து அலகு போன்ற ரப்பர் வாய் ஒன்று உண்டு. உள்ளிருந்து நீர் வந்தால் திறக்கும், மற்ற நேரம் மூடியிருக்கும். பெரும்பாலான அடைப்பின் கடைசிப் பகுதி இந்த அலகில்தான் சேறாக உறைந்து நிற்கும். சக்கர வளைவின் உள்ளுறையைச் சற்று விலக்கி, இரண்டு விரலால் அலகைப் பக்கவாட்டில் பிதுக்கினால் சேறு விழும். அலகையே வெட்டி எறிந்துவிடு என்று ஒரு யோசனை உலவுகிறது. நீர் நன்றாக வெளியேறும் என்பது உண்மைதான், ஆனால் அதே வழியில் தூசியும் சத்தமும் பூச்சியும் மேலே ஏறும். பிதுக்கிச் சுத்தம் செய்ய முடிகிற வரையில் வெட்டத் தேவையில்லை.

குழாய் கழன்றிருந்தால்

இங்கே வேலையின் தன்மை மாறுகிறது. குழாயின் மேல்முனையை அடைய, தூணின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, கூரைத் துணிப் பலகையின் மூலையைச் சற்று இறக்கவேண்டும். அதே இடத்தில் பல கார்களில் பக்கவாட்டுத் திரை ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கும். தூண் உறையில் ஏர்பேக் என்ற முத்திரை இருந்தால், சன்ரூஃபை மூடிவிட்டு, இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, காரின் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். கையேடு எதுவும் சொல்லாவிட்டால் 10 நிமிடம். ஏர்பேக்குக்கான மஞ்சள் நிற இணைப்பான் எதையும் பிரிக்கவோ மீட்டர் வைத்துச் சோதிக்கவோ வேண்டாம். இதில் தயக்கம் இருந்தால் இந்தப் பகுதியை மட்டும் பட்டறையிடம் விடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கதவுச் சட்டத்தின் ரப்பரை அந்தப் பகுதியில் இழுத்து விடுவித்து, பிளாஸ்டிக் நெம்பியால் தூண் உறையை மேலிருந்து கழற்றுங்கள். இரும்பு ஸ்க்ரூடிரைவர் உறையில் பல் பதிக்கும். வெயில் மறைப்பையும் கைப்பிடியையும் கழற்றினால் கூரைப் பலகை கை நுழையும் அளவுக்கு இறங்கும். அதற்கு மேல் வளைக்காதீர்கள். அது அழுத்திய நார்ப் பலகை, ஒருமுறை மடிந்தால் அந்த மடிப்புக்கோடு நிரந்தரம்.

குழாய் கழல முக்கியக் காரணம் அது சுருங்குவது. வருடக்கணக்கான வெயிலில் பிளாஸ்டிக் இறுகி நீளம் குறைய, காம்பிலிருந்து மெல்ல மெல்ல வெளியே வந்துவிடும். குழாய் இன்னும் மென்மையாக இருந்தால், முனையை ஹேர் டிரையரால் சூடாக்கி, காம்பின்மேல் 15 மில்லிமீட்டராவது ஏறும்படி செருகி, ஒரு சிறிய ஸ்பிரிங் கிளாம்ப் போடுங்கள். கேபிள் டை போட்டால் இறுக்கிப் பிடிக்கும் அளவு போதும், குழாய் நசுங்கக்கூடாது. செருகும்போதே குழாய் வீணைத் தந்தி போல விறைப்பாக நின்றால் மறுபடியும் கழலும். அப்போது மாற்றுவதே சரி.

புதுக் குழாய்க்கு உள்விட்டம் பழையதோடு பொருந்தவேண்டும், சுவர் தடிமனாக இருக்கவேண்டும். மெல்லிய குழாய் வளைவில் மடிந்து தானே அடைப்பாகிவிடும். பழைய குழாயின் மேல்முனையில் உறுதியான நூலைக் கட்டி, கீழே இருந்து பழையதை உருவினால் நூல் தூணுக்குள் தங்கும். அதே நூலில் புதியதைக் கட்டி இழுங்கள். பழைய பாதையிலேயே போகவேண்டும். ஏர்பேக் விரியும் இடத்துக்குக் குறுக்கே குழாயோ கட்டிய டையோ வரக்கூடாது. தூண் உறையின் கிளிப்புகள் சில கார்களில் ஒரே ஒரு முறைக்கானவை. அவற்றைப் புதிதாக வாங்கிப் போடுங்கள், ஏர்பேக் விரியும்போது உறை பறந்து வராமல் பிடிப்பது அவைதான்.

எல்லாம் மூடும் முன் டம்ளர் சோதனையை மறுபடி செய்யுங்கள். இணைப்பைச் சுற்றி டிஷ்யூ தாள் வைத்தால் ஒரு சொட்டுக் கசிவும் தெரிந்துவிடும். தட்டிலேயே விரிசல் இருந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவைத்து, வாகனங்களுக்கான பாலியூரிதீன் சீம் சீலரை (இடுக்குகளை அடைக்கும் பசை) பூசி, டப்பாவில் போட்டுள்ள நேரம் முழுவதும் விடுங்கள். ஈரத்தின்மேல் பூசிய சீலர் தோலாக உரிந்து வரும்.

பேட்டரியை மறுபடி இணைத்ததும் சன்ரூஃப் பாதியில் நின்று திரும்பினால் பதறவேண்டாம். நினைவு அழிந்திருக்கிறது. பல கார்களில் மூடும் பொத்தானை 10 நொடிக்கு மேல் விடாமல் அழுத்தினால், கண்ணாடி ஒரு சுற்றுப் போய்வந்து தன் எல்லைகளைக் கற்றுக்கொள்ளும். சரியான வரிசை கையேட்டில் இருக்கும்.

ரப்பரும் கண்ணாடி மட்டமும்

குழாய்கள் நான்கும் சரி, ஆனாலும் நனைகிறது என்றால் இப்போது ரப்பரைப் பாருங்கள். ஒரு நீளமான தாள் துண்டை விளிம்பில் வைத்து சன்ரூஃபை மூடி, தாளை இழுங்கள். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு இடங்களில் இப்படிச் செய்யுங்கள். எங்கே தாள் தடையில்லாமல் வழுக்கி வருகிறதோ அங்கே ரப்பர் அழுத்தவில்லை.

ஒரு பக்கம் மட்டும் தளர்வாக இருந்தால், ரப்பரைவிடக் கண்ணாடியின் மட்டமே காரணமாக இருக்கும். பல கார்களில் முன்விளிம்பு கூரையோடு சமமாகவோ 1 மில்லிமீட்டர் தாழ்ந்தோ, பின்விளிம்பு சமமாகவோ 1 மில்லிமீட்டர் உயர்ந்தோ இருக்கும்படி அமைப்பார்கள். முன்விளிம்பு துருத்தினால் ஓடும்போது காற்று இரையும், மழையில் நீரையும் அது வாரிப் போட்டுக்கொள்ளும். கண்ணாடியைச் சாய்வு நிலைக்குக் கொண்டுவந்து பக்கவாட்டு மூடியைக் கழற்றினால், ஒவ்வொரு பக்கமும் இரண்டு அல்லது மூன்று டார்க்ஸ் (நட்சத்திரக் குழி கொண்ட) திருகுகள் தெரியும். பல கார்களில் அளவு டி25. அரைச் சுற்றுத் தளர்த்தி, மூடிய நிலையில் மட்டத்தைச் சரிசெய்து, இறுக்குங்கள். எல்லாத் திருகையும் ஒரே நேரத்தில் கழற்றிவிட்டால் பழைய மட்டம் எது என்றே தெரியாமல் போகும். தொடங்கும் முன் ஒரு படம் எடுத்துவையுங்கள்.

ரப்பரைச் சோப்பு நீரால் துடைத்து, காயவைத்து, சிலிக்கான் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். வாசலின், எஞ்சின் எண்ணெய், பெட்ரோலியம் கலந்த ஸ்பிரே எதுவும் நாளடைவில் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். வெடித்த ரப்பரைப் பூச்சால் மீட்க முடியாது, மாற்றவேண்டும். சில கார்களில் அது கண்ணாடியோடு சேர்ந்தே வரும், தனியாகக் கிடைக்காது. தனியாகக் கிடைத்தால் இணைப்பு பின்விளிம்பின் நடுவில் வருமாறு தொடங்கி, இழுக்காமல் அழுத்திப் பொருத்துங்கள். இழுத்துப் பொருத்தியது சில மாதங்களில் சுருங்கி, இணைப்பில் இடைவெளி விடும்.

திறக்கவே திறக்காத நிலையான கண்ணாடிக் கூரையின் கதை வேறு. அது யூரிதீன் பசையால் ஒட்டப்பட்டது, குழாய் வாய்க்கால் எதையும் நம்பி இருப்பதில்லை. அங்கே ஒழுகினால் பசை விட்டிருக்கிறது. விண்ட்ஷீல்டு பொருத்துபவரிடம் போகவேண்டிய வேலை அது.

உள்ளே நின்ற நீர்

ஒழுகல் நின்றுவிட்டது, கம்பளமும் தொட்டால் காய்ந்திருக்கிறது. அதை நம்பாதீர்கள். கம்பளத்துக்கு அடியில் சில சென்டிமீட்டர் தடிமனில் ஸ்பாஞ்ச் இருக்கும். மேல்பரப்பு காய்ந்த பிறகும் அதில் லிட்டர் கணக்கில் நீர் நிற்கும். முழங்கையால் அழுத்தி, மேலே ஒரு டிஷ்யூவை வைத்துப் பாருங்கள். நனைந்தால் வாசல் விளிம்பின் பிளாஸ்டிக்கைக் கழற்றி, கம்பளத்தைத் தூக்கி, அடியில் மரக்கட்டைகளைச் செருகி, நீர் உறிஞ்சும் வேக்யூமால் இழுத்துவிட்டு, மின்விசிறியை அந்த இடைவெளிக்குள் திருப்பி வையுங்கள். இரண்டு மூன்று நாள் பிடிக்கும். ஈரம் ஒன்றிரண்டு நாள் தங்கினாலே பூஞ்சை தொடங்கிவிடும், அதனால் வாசனைத் திரவியத்தில் காலத்தை வீணாக்காதீர்கள். பல கார்களில் இருக்கைக்கு அடியிலும் கால்தளத்தின் ஓரத்திலும் மின்னணுப் பெட்டிகளும் இணைப்பான்களும் உண்டு. அவை நனைந்திருந்தால், உலோக முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கதவுப் பூட்டும் விளக்கும் காரணமின்றிக் கோளாறு செய்வது பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

இன்றிரவே மழை, வேலைக்கு நேரமில்லை என்றால், கண்ணாடியை மூடி, அதைவிட ஒரு சாண் பெரிய பிளாஸ்டிக் தாளை மேலே விரித்து, பெயின்டர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். துணி டேப்பை வெயிலில் விட்டால் அதன் பசை பெயின்டில் தங்கிவிடும். இந்த ஏற்பாடு நிற்கும் காருக்கு மட்டும், ஓட்டும் முன் எடுத்துவிடவேண்டும்.

டம்ளர் சோதனையை மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, இலையுதிர்ந்து முடிந்ததும் ஒருமுறை செய்யுங்கள். நான்கு துளைக்கும் சேர்த்துக் கால்மணி நேரம் ஆகும். அப்போதே சன்ரூஃப் கண்ணாடி நகரும் தண்டவாளத்தில் வழியும் பழைய கிரீஸையும் துடைத்துவிடுங்கள். புதிதாக வைக்கும்போது அரிசியளவு போதும், மிஞ்சியது சூட்டில் உருகி நேராகக் குழாய்க்குள்தான் இறங்கும்.